தவக்காலத்தில் மனம் அடங்கிக் கேட்கும் இசை: நீங்கள் எதை, எப்படிக் கேட்கிறீர்கள்?

பொருநைக்கரை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் கழிந்து இன்று ஐந்தாம் நாள். சென்ற ஆண்டு லெந்து காலத்தில் (தவக்காலத்தை எங்கள் சபையில் இப்படித்தான் சொல்வோம்) எனக்கு நேர்ந்த ஒரு தோல்வியைச் சொல்லிவிட்டு என் கேள்விக்கு வருகிறேன்.

நாற்பது நாளும் காலையில் இயேசுவின் பாடுகளைப் பற்றிய பாடல்களைக் கேட்டுத் தியானிப்பது என்று தீர்மானித்து, நாளுக்கு ஐந்து வீதம் இருநூறு பாடல்களைக் கைப்பேசியில் சேர்த்து வைத்திருந்தேன். முதல் வாரம் கண்ணீரோடு கேட்டேன். இரண்டாம் வாரம் கேட்டுக்கொண்டே அடுப்பில் தோசை ஊற்றினேன். மூன்றாம் வாரத்தில் ஒரு பாடல் முடிந்து அடுத்தது தொடங்கியதே எனக்குத் தெரியவில்லை. பெரிய வெள்ளிக்கிழமை, சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளைத் தியானிக்கும் மும்மணி ஆராதனையில் போய் உட்கார்ந்தபோது, என்னைச் சுற்றியிருந்தவர்கள் விம்மிக்கொண்டு பாடிய வரிகள் என்னைத் தொடவே இல்லை. நாற்பது நாளும் கேட்டுக் கேட்டு என் செவி மரத்துப் போயிருந்தது.

நான் வளர்ந்தது திருநெல்வேலிப் பக்கத்துச் சிற்றூரில். எங்கள் ஆலயத்தில் ஓர் ஆர்மோனியத்தைத் தவிர வேறு கருவி கிடையாது. லெந்து நாட்களின் சாயங்கால ஜெபத்துக்கு உபதேசியார் அதையும் திறக்க மாட்டார். அவர் ஓர் அடியை எடுத்துக்கொடுப்பார், நாங்கள் வாங்கிப் பாடுவோம். ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் வெளியே பனையோலை உரசும் ஓசை கேட்கும். அந்த இடைவெளியில் இருந்த ஏதோ ஒன்றைத்தான் நான் இருநூறு பாடல்களில் தேடியிருக்கிறேன் போலும்.

இந்த ஆண்டு அப்படி ஆகிவிடக் கூடாது என்று அஞ்சுகிறேன். உங்களில் யாரேனும் இசையின் வழியாக இந்த நாட்களில் உண்மையான அமைதியைக் கண்டிருந்தால், எதைக் கேட்டீர்கள் என்பதைவிட எப்படிக் கேட்டீர்கள் என்பதைத் தயவுசெய்து எழுதுங்கள்.

தரங்கைப் பாடகர்

சகோதரி, நான் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக லுத்தரன் சபையொன்றில் பாடகர் குழுவை நடத்தி ஓய்ந்தவன். உங்கள் கேள்விக்கு என் விடை மிகச் சிறியது. இருநூறை விட்டுவிடுங்கள், ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஒன்று எவ்வளவு ஆழம் தாங்கும் என்பதற்கு நம் எல்லோருக்கும் தெரிந்த ஒரு ஞானப்பாட்டையே சான்றாகக் காட்டுகிறேன்.

‘இரத்தம் காயம் குத்தும்’ என்று தொடங்கும் பாட்டை லெந்து நாட்களில் பாடாத தமிழ்ப் புராட்டஸ்டண்டு சபை அரிது. அதன் மெட்டு 1601-இல் ஹான்ஸ் லியோ ஹாஸ்லர் என்ற ஜெர்மானியர் அச்சிட்ட ஒரு காதல் பாட்டுக்கு உரியது. ஒரு பெண்ணை நினைத்து நிலைகுலைந்த இளைஞனின் பாட்டு அது. அதன் ஐந்து கண்ணிகளின் முதலெழுத்துகளைக் கூட்டினால் மரியா என்ற பெயர் வரும். சில ஆண்டுகளில் அந்த மெட்டு, சாவை விரும்பி எதிர்நோக்கும் ஒரு ஞானப்பாட்டுக்குப் போயிற்று. 1656-இல் பவுல் கெர்ஹார்ட்டின் பாடுகளின் பாட்டு அதில் அமர்ந்தது. யோஹான் குரூகர் அதன் துள்ளலைக் குறைத்து, சபையார் எல்லோரும் சேர்ந்து பாடும்படி நடையைச் சீராக்கினார். கெர்ஹார்ட்டின் பாட்டும் முழுக்க அவருடைய சொந்தக் கற்பனையன்று. சிலுவையில் தொங்கும் ஆண்டவரின் பாதம், முழங்கால், கை, விலா, மார்பு, இருதயம், முகம் என்று ஒவ்வோர் உறுப்பின் முன்னும் நின்று வணங்கும் இடைக்கால இலத்தீன் கவிதை ஒன்று உண்டு. அதன் கடைசிப் பகுதியிலிருந்து பிறந்ததே இது. அதனால்தான் தமிழிலும் நாம் யாரைப் பற்றியும் பேசாமல், ‘சிரசே’ என்று அந்தத் தலையையே விளித்துப் பாடுகிறோம். இந்த விளி வேற்றுமையில்தான் தியானமே இருக்கிறது என்று நான் என் குழுவுக்கு ஓயாமல் சொல்லி வந்தேன்.

ஜெர்மன் இசையமைப்பாளர் யோஹான் செபாஸ்டியன் பாக் இதே மெட்டை, மத்தேயு நற்செய்தியின் பாடுகளின் வரலாற்றுக்குத் தாம் அமைத்த இசையில் ஐந்து முறை கொண்டுவருகிறார். மெட்டு ஒன்றுதான், அடியில் வரும் சுருதிகளின் சேர்க்கையும் பாடும் உயரமும் மாறுகின்றன. ஆண்டவர் ஜீவனை விட்ட உடனே ஐந்தாம் முறை வரும்போது, ‘நான் ஒருநாள் பிரியும்போது நீர் என்னைப் பிரியாதிரும்’ என்ற பொருளுள்ள கண்ணி அதே மெட்டில் தாழ்ந்து ஒலிக்கிறது. முதல் நான்கு முறையும் கேட்டவருக்கே அந்த ஐந்தாவது என்னவென்று விளங்கும். உங்கள் நாற்பது நாளும் அவ்வாறே அமையலாம். ஒரு பாட்டை எடுத்து வாரத்துக்கு ஒரு கண்ணி பாடுங்கள். கைப்பேசி வேண்டாம், சொந்தக் குரல் போதும்.

பங்கு இசைஞன்

நான் கத்தோலிக்கன்; எங்கள் பங்கில் கீபோர்டு வாசிக்கிறேன். ஐயா சொன்னதோடு எங்கள் பக்கத்திலிருந்து ஒன்றைச் சேர்க்கிறேன். தவக்காலத்தில் இசைக்கருவிகள் பாடலைத் தாங்குவதற்கு மட்டுமே ஒலிக்கலாம் என்பது திருவழிபாட்டு ஒழுங்கு. நான்காம் ஞாயிறும் பெருவிழாக்களும் விழாக்களும் மட்டுமே விதிவிலக்கு. சாம்பல் புதன் முதல், உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்திய இரவின் பாஸ்கா திருவிழிப்பு வரை அல்லேலூயா கிடையாது. ஞாயிறுகளில் ‘உன்னதங்களிலே’ என்று தொடங்கும் வானவர் கீதமும் கிடையாது. பெரிய வியாழன் மாலையில் வானவர் கீதம் பாடும்போது மணிகள் ஒலித்து ஓய்ந்தால், மறுபடி திருவிழிப்பில் அதே கீதத்தின்போதுதான் ஒலிக்கும். இடையில் மரக்கட்டையைத் தட்டித்தான் ஓசை எழுப்புகிறோம்.

இளைஞனாக இருந்தபோது இவை எனக்குத் தடைகளாகவே தெரிந்தன. நற்கருணை வழங்கும் நேரத்தில் விரல்கள் சும்மா இருக்க மறுத்தன. மெல்ல எதையாவது வாசித்துவிடுவேன். ஒரு தவக்காலத்தில், எங்கள் பாடகர் குழுவில் வயதில் மூத்த ஓர் அம்மா என்னிடம் வந்து, “தம்பி, வரிசையில் நடந்து வருகிறவர்களின் காலடி ஓசை எனக்குக் கேட்க வேண்டும்” என்றார். அன்று முதல் கையை எடுத்துவிட்டேன். செருப்பில்லாத கால்கள் சிமெண்டுத் தரையில் உரசும் அந்த ஓசை, நான் வாசித்த எதையும்விட வழிபாட்டுக்கு நெருக்கமாக இருந்தது. இசையை இந்த நாட்களில் நோன்பு இருக்கச் செய்வதே அதைத் திரும்பக் கேட்கும் வழி என்று நான் நம்புகிறேன்.

சோதித்தறி

இதுவரை எழுதியவர்கள் எல்லோரும் இசையை நேசிப்பவர்கள் என்பது தெரிகிறது. நானும் நேசிக்கிறேன், அதனாலேயே ஓர் ஐயத்தை முன்வைக்கிறேன். இசை கேட்டு மனம் உருகுவதும் மனந்திரும்புவதும் ஒன்றா? புனித அகுஸ்தீன் தம் ‘அறிக்கைகள்’ நூலின் பத்தாம் பகுதியில் இதைப் பற்றி மிகுந்த வேதனையோடு பேசுகிறார். பாடப்படும் பொருளைவிடப் பாட்டு தம்மை அதிகமாக அசைத்துவிடும் வேளைகளில் தாம் பாவம் செய்வதாகவும், அப்போது பாடகனின் குரலையே கேளாதிருப்பது நலம் என்றும் ஒப்புக்கொள்கிறார். அலெக்சாந்திரியாவின் ஆயர் அத்தனாசியுஸ், திருப்பாடலை வாசிப்பவர் பாடுவதைவிடப் பேசுவதற்கே நெருக்கமாக, மிகச் சிறிய ஏற்ற இறக்கத்தோடு சொல்லும்படி செய்ததையும் அதே இடத்தில் நினைவுகூர்கிறார்.

எனக்கு நேர்ந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஒரு தவக்காலம் முழுவதும் நான் மிக அருமையான இசையைக் கேட்டேன், மிகுதியாக அழுதேன். அந்த ஆறு வாரங்களிலும் என் தம்பியோடு இருந்த சொத்துப் பகையை நான் தொடக்கூட இல்லை. அந்த அழுகை என்னை நல்லவன் என்று எனக்கே காட்டிக்கொண்டிருந்தது. ஆகவே பொருநைக்கரை அவர்கள் தோல்வி என்று சொல்வதை நான் அவ்வாறு எண்ணவில்லை. செவி மரத்துப் போனது ஒரு எச்சரிக்கையாகவும் இருக்கலாம்.

பொருநைக்கரை

சோதித்தறி அவர்களே, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுவதும் விடை எழுத முடியாமல் இருந்தேன். தம்பியைப் பற்றி எழுதியதற்கு நன்றி. எனக்கும் பேசாமல் விட்ட ஒருவர் இருக்கிறார். ஆனாலும் அகுஸ்தீன் அங்கே முடித்துவிடவில்லை அல்லவா? விசுவாசத்துக்கு வந்த தொடக்க நாட்களில் சபையின் பாட்டைக் கேட்டுத் தாம் சிந்திய கண்ணீரை நினைத்து, பாடும் வழக்கம் பயனுள்ளது என்றும் அவர் சொல்கிறார். எந்தக் கண்ணீர் எது என்று எப்படி அறிவது?

மன்னார்க்கரை

நான் மன்னார் மாவட்டத்தவள். அமைதி என்ற சொல்லை இங்கே எல்லோரும் ஒரே பொருளில் எடுத்துக்கொள்வதால் எழுதுகிறேன். எங்கள் ஊர்களில் தவக்காலத்து இசை மெல்லிய இசை அல்ல. அது அழுகைக் குரல். கோவாவிலிருந்து 1705-இல் இலங்கைக்கு வந்து, 1742-இல் இறக்கும்வரை இங்கேயே பணியாற்றிய ஜாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் இயற்றிய வியாகுலப் பிரசங்கம் என்ற துயர நூல் எங்கள் முன்னோரின் பெரும் சொத்து. ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடை செய்திருந்த காலம் அது. குருமார் ஒளிந்து திரிந்த அந்த நாட்களில் தமிழிலும் சிங்களத்திலும் அவர் எழுதியவை, குரு இல்லாத ஊரிலும் மக்கள் தாமே கூடி வாசித்து அழக்கூடியவையாக இருந்தன.

என் அம்மம்மா அதை இழுத்து வாசிப்பதைக் கேட்டு வளர்ந்தேன். ஒரு பெரியவர் ஒரு பகுதியை இராகத்தோடு வாசிப்பார். நிறுத்தும் இடத்தில் பெண்கள் தாழ்ந்த குரலில் ஒப்பாரி போல ஏற்றுக்கொள்வார்கள். போரில் பிள்ளைகளை இழந்த தாய்மார் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். மாதாவின் வியாகுலத்தை வாசிக்கும்போது அவர்கள் யாருக்காக அழுதார்கள் என்று யாரும் கேட்டதில்லை. முடிந்ததும் ஒருவரும் பேசாமல் எழுந்து, பாயைச் சுருட்டிக்கொண்டு, இருட்டில் வீட்டுக்கு நடப்போம். அந்த நடையில் இருந்த அமைதியை நான் வேறெங்கும் கண்டதில்லை.

உங்கள் கேள்விக்கு எனக்குத் தெரிந்த விடை இதுதான் அக்கா: தனியே காதில் ஒலிப்பானை மாட்டிக்கொண்டு அழும் கண்ணீரை எனக்கும் நம்ப முடிவதில்லை. பக்கத்தில் இருப்பவளின் துக்கத்தைக் கேட்டுக்கொண்டே அழுத கண்ணீரை நம்புகிறேன்.

தரங்கைப் பாடகர்

மன்னார்க்கரை மகளே, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். என்னுடைய ‘சொந்தக் குரல் போதும்’ என்ற சொல்லைத் திருத்திக்கொள்கிறேன். இன்னொரு குரலும் வேண்டும்.

சோதித்தறி அவர்களுக்கு ஒரு செய்தி. பாக் பணியாற்றிய லைப்சிக் நகர ஆலயங்களில், தவக்காலத்துக்கு முந்திய ஞாயிறு கழிந்ததும் பெரிய இசை நின்றுவிடும். மங்கள வார்த்தைத் திருநாள் ஒன்றைத் தவிர, வாரந்தோறும் ஒலித்த கருவியிசையோடு கூடிய பாடல்கள் பெரிய வெள்ளி மாலை ஆராதனை வரை ஒலிக்கமாட்டா. 1727-ஆம் ஆண்டு ஏப்ரல் 11-இல் தோமா ஆலயத்தில் மத்தேயு பாடுகளின் இசையைக் கேட்டதாகக் கருதப்படும் மக்கள், அந்த நீண்ட அமைதியைக் கடந்து வந்தவர்கள். இரண்டு பாடகர் குழுக்கள் ஒன்றையொன்று கேள்வி கேட்டு விடை சொல்லும் அந்தத் தொடக்கம் அவர்கள் மீது எப்படி இறங்கியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அதன் இரு பகுதிகளுக்கும் நடுவில் பிரசங்கம் வைத்தார்கள். கைதட்டுவதற்கு அங்கே இடமே இல்லை. நாம் அதை வேண்டியபோதெல்லாம் அழுத்திக் கேட்கிறோம். அகுஸ்தீன் அஞ்சிய ஆபத்து இசையில் இருப்பதைக் காட்டிலும், எப்போதும் கிடைக்கும் அதன் தாராளத்தில் மிகுதியாக இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த இசையில் இயேசு பேசும் இடமெல்லாம் தந்திக் கருவிகள் நீண்ட சுரங்களால் அவர் குரலைச் சூழ்ந்து நிற்கும், ஓவியங்களில் தலையைச் சுற்றி வரையும் ஒளிவட்டம் போல. ‘ஏலி, ஏலி, லாமா சபக்தானி’ என்று அவர் கூப்பிடும் இடத்தில் மட்டும் அந்தத் தந்திகள் விலகிவிடுகின்றன. கைவிடப்பட்டவரின் குரல் அந்த ஒளிவட்டமின்றி நிற்கிறது. என் குழுவில் இருந்த பிள்ளைகளுக்கு ஒருமுறை அதைப் போட்டுக் காட்டியபோது, ஒருவன் ‘ஐயா, ஒலிப்பதிவு கெட்டுவிட்டதா?’ என்று கேட்டான். அவ்வளவு வெறுமை.

புதுவாசகி

பெரியவர்கள் மன்னிக்க வேண்டும். எனக்கு ஜெர்மனும் தெரியாது, மேற்கத்திய இசையும் தெரியாது. இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓடும் ஒன்றை நான் எப்படிக் கேட்பது? சொற்களே இல்லாத, ஆனால் சிலுவையை விட்டு விலகாத இசை ஏதேனும் உண்டா?

பங்கு இசைஞன்

உண்டு தங்கச்சி. ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஜோசப் ஹைடன் 1786-ஐ ஒட்டி ஸ்பெயினின் காதிஸ் நகருக்காக எழுதியது, ஆண்டவரின் கடைசி ஏழு வார்த்தைகளுக்கான இசை. அங்கே அந்த ஆராதனை நடந்த விதத்தை அவரே பின்னாளில் ஒரு முன்னுரையில் விவரித்திருக்கிறார். சுவர், சன்னல், தூண் எல்லாவற்றையும் கருப்புத் துணியால் மூடி, நடுவில் ஒரே ஒரு பெரிய விளக்கைத் தொங்கவிட்டு, நண்பகலில் கதவுகளைச் சாத்திவிடுவார்கள். ஆயர் பீடமேறி ஒரு வார்த்தையைச் சொல்லி விளக்கியபின், இறங்கி வந்து பலிபீடத்தின் முன் விழுந்து வணங்குவார். அந்த நேரத்துக்குத்தான் இசை. ஒவ்வொன்றும் ஏறக்குறையப் பத்து நிமிடம் நீளும் ஏழு மெதுநடைப் பகுதிகளைக் கேட்பவர் சோர்ந்துபோகாமல் எழுதுவது எளிதாக இருக்கவில்லை என்று ஹைடன் சொல்கிறார். கடைசியில் மட்டும் பூமியதிர்ச்சி வேகமாகவும் உரத்தும் வரும்.

நான்கு தந்திக் கருவிகளுக்காக 1787-இல் அவரே அமைத்த வடிவத்தைக் கேளுங்கள். அதில் சொற்கள் இல்லை. வாரத்துக்கு ஒரு வார்த்தை போதும். முதலில் அந்த வசனத்தை நற்செய்தியில் உரக்க வாசித்துவிட்டு, விளக்கை அணைத்துக் கேளுங்கள். முடிந்ததும் அடுத்ததற்குப் போகாமல் நிறுத்திவிட வேண்டும். இது எனக்கு இன்றும் கடினமாகவே இருக்கிறது.

இன்னொரு தொடர்பையும் சொல்லிவிடுகிறேன். பெரிய வெள்ளியன்று மூன்று மணி நேரம் ஏழு வார்த்தைகளைத் தியானிக்கும் இந்த வழக்கத்தை, பெரு நாட்டின் லீமா நகரில் இயேசு சபைக் குருவான அலோன்சோ மெசியா பரப்பினார். அங்கிருந்து ஸ்பெயினுக்கும் பிற நாடுகளுக்கும் வந்து, 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலிக்கன் சபையும் ஏற்றுக்கொண்டது. பொருநைக்கரை அக்கா தம் ஊரில் உட்காரும் மும்மணி ஆராதனையும், காதிஸின் கருப்புத் துணியும் ஒரே ஊற்றின் கிளைகள்.

சோதித்தறி

தரங்கைப் பாடகர் ஐயா, ‘எப்போதும் கிடைக்கும் தாராளம்’ என்று நீங்கள் எழுதியது என் ஐயத்தை வேறு இடத்துக்கு நகர்த்திவிட்டது. ஏற்றுக்கொள்கிறேன். இந்த ஆண்டு வெள்ளிக்கிழமைகளில் மட்டும் இசை கேட்பது என்று முடிவு செய்திருக்கிறேன். மற்ற நாட்களில் ஐம்பத்தோராம் சங்கீதத்தைச் சுருதிப்பெட்டியின் ஒற்றைச் சுரத்தில், அத்தனாசியுஸ் விரும்பியதுபோலப் பேச்சுக்கு அருகே வைத்துச் சொல்லிப் பார்க்கிறேன். மூன்று நாட்களாகிறது. ‘நொறுங்குண்டதும் நருங்குண்டதுமான இருதயம்’ என்ற இடத்தில் மெட்டு எதுவும் தாங்கிப் பிடிக்காததால், அந்தச் சொற்களை நானே தூக்க வேண்டியிருக்கிறது.

தம்பிக்கு நேற்று தொலைபேசியில் அழைத்தேன். எடுக்கவில்லை. மீண்டும் அழைப்பேன்.

பொருநைக்கரை

இன்று பெரிய சனிக்கிழமை. ஆறு வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன்.

ஐயா சொன்னபடி ஒரே பாட்டை எடுத்துக்கொண்டு, வாரத்துக்கு ஒரு கண்ணி பாடினேன். மூன்றாம் வாரத்தில் இந்த முறையும் சலிப்பு வந்தது, மறைக்க விரும்பவில்லை. அந்த வாரம் முழுவதும் சொற்கள் வாயில் மணலைப் போல இருந்தன. விட்டுவிடாமல் இருந்ததற்குக் காரணம் மன்னார்க்கரை. அவர் எழுதியதை நினைத்து, பக்கத்து வீட்டில் கணவரை இழந்து தனியே இருக்கும் ஓர் அம்மாவை என்னோடு பாட அழைத்தேன். நான் பேசாமல் விட்டவர் அவர்தான். தண்ணீர்க் குழாய் விஷயத்தில் தொடங்கிய மனத்தாங்கல், மூன்று ஆண்டுகள். அவருக்குப் பாமாலையைப் பார்க்கத் தேவையிருக்கவில்லை. எல்லாக் கண்ணிகளும் மனப்பாடமாக இருந்தன. என்னைவிட மிக மெதுவாகப் பாடினார். ஒவ்வோர் அடியின் முடிவிலும் மூச்சு வாங்குவதற்காக அவர் நிறுத்தியபோது, என் ஊரின் பனையோலை ஓசையைத் தவிர மற்றவை எல்லாம் திரும்பி வந்தன.

எங்கள் சபையில் வேத வாசிப்பின்போதும் கீபோர்டில் மெல்லிய ஓசை ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். புதன்கிழமை ஒத்திகையில், வாசிக்கும் தம்பியிடம் பாக்கின் தந்திக் கருவிகள் விலகும் இடத்தைப் பற்றிச் சொல்லி, நான்காம் வார்த்தைக்கு மட்டும் கையை எடுத்துவிட முடியுமா என்று கேட்டேன். சரி என்றோ இல்லை என்றோ அவன் சொல்லவில்லை.

நேற்று முதல் மூன்று வார்த்தைகளுக்கும் அந்த ஓசை இருந்தது. ‘என் தேவனே, என் தேவனே’ என்று ஆயர் வாசிக்கத் தொடங்கியதும் அது நின்றது. மின்விசிறிகள் சுழலும் சத்தமும், தெருவில் ஒரு சைக்கிள் மணியும் கேட்டன. பிரசங்கத்துக்கு எழுந்து நின்றவரும் உடனே பேசவில்லை. என் பக்கத்தில் அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.